எழுத்துக் கோப்பிலேயே கணக்குப் போடலாமா, தனி விரிதாள் வேண்டுமா?

குறிப்புகளை வெறும் எழுத்துக் கோப்புகளாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கோப்பின் நடுவே சின்னதாக ஓர் அட்டவணை: பொருள், அளவு, விலை. அடியில் மொத்தம் வேண்டும். கால்குலேட்டரில் கூட்டி எழுதி வைத்தால், அடுத்த வாரம் விலை மாறும், மொத்தம் மட்டும் பழையபடியே நிற்கும். விரிதாளில் தனியாக வைத்தால், அந்த எண் எதற்காக வந்தது என்ற விளக்கம் ஒரு கோப்பிலும் எண் இன்னொரு கோப்பிலுமாகப் பிரிந்து கிடக்கும்.

கைவசம் நான்கு வழிகள் உண்டு. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பியில் உள்ள ஆர்க் என்ற குறிப்பு முறையின் அட்டவணை, மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுதும் உரை வடிவம்) அல்லது விம் என்ற தொகுப்பிக்கான அட்டவணைச் செருகுநிரல், லிப்ரேஆபிஸ் கால்க் போன்ற முழு விரிதாள், சிஎஸ்வி கோப்பும் (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆக் கட்டளையும் (கோப்பை வரிவரியாகப் படித்துக் கணக்கிடும் நிரல்). கீழே கட்டளைகளும் ஃபார்முலாப் பெயர்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பலரும் முதலில் கேட்பது "எத்தனை ஃபங்ஷன் இருக்கிறது" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. குறிப்புக் கோப்பில் வருகிற கணக்கில் பத்துக்கு ஒன்பது, பெருக்கிக் கூட்டுவதோடு முடிந்துவிடும்.

முதல் கேள்வி, மறுகணக்கு எப்போது நடக்கிறது என்பது. ஒரு செல்லை மாற்றியதும் மொத்தம் தானாக மாறுமா, நீங்கள் சொன்னால்தான் மாறுமா? சொன்னால்தான் மாறும் என்றால், திரையில் தெரிகிற எண் பழையதா புதியதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. எழுத்துக் கோப்பில் மொத்தமும் வெறும் எழுத்துதான்.

அடுத்தது, தப்பான உள்ளீட்டைக் கண்டால் என்ன செய்கிறது. பிழை என்று கத்துகிற கருவியால் ஆபத்தில்லை. சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொண்டு மேலே போகிற கருவிதான் ஆபத்து. நான்கு வழியிலுமே இந்தக் குணம் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, ஃபார்முலா கண்ணுக்குத் தெரிகிறதா, கிட்டில் (கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டால் என்ன மாறியது என்று படிக்க முடிகிறதா. நான்காவது, வேறு யார் திறப்பார்கள், எந்தக் கருவியில். அளவையும் பார்க்க வேண்டும், ஆனால் அது எளிது: 30 வரிசைக்கு எதுவும் போதும், 30,000 வரிசைக்கு எழுத்து அட்டவணை எதுவும் போதாது.

## ஈமேக்ஸ் ஆர்க் அட்டவணை

வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க், 2007-இல் வந்த ஈமேக்ஸ் 22 முதல் ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. அட்டவணைக் கணக்கை அது தானே போடுவதில்லை. ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கும் கால்க் என்ற கணித நிரலிடம் கொடுத்து விடை வாங்குகிறது. இந்த கால்க் வேறு, லிப்ரேஆபிஸ் கால்க் வேறு. எழுத்து அட்டவணைக் கணக்கில் ஆர்க் எல்லோரையும்விட முன்னே நிற்பதற்கு அந்த நிரலே காரணம். அதன் விசித்திரங்களுக்கும் அதுவே காரணம்.

ஒரு சமையலறைக் கணக்கு:

```
| பொருள்   | அளவு | விலை | தொகை | பங்கு |
|----------+------+------+------+-------|
| அரிசி    |   25 |   62 |      |       |
| பருப்பு   |    5 |  160 |      |       |
| எண்ணெய்  |   10 |  165 |      |       |
|----------+------+------+------+-------|
| மொத்தம்  |      |      |      |       |
#+டிபிஎல்எஃப்எம்: $4=$2*$3::@>$4=விசம்(@2..@-1)::$5=($4/@>$4)*100;%.2எஃப்
```

டாலர் குறி நெடுவரிசை, @ குறி வரிசை. $4=$2*$3 என்பது நான்காம் நெடுவரிசை முழுமைக்கும். @>$4 என்பது கடைசி வரிசையின் நான்காம் செல். விசம் என்பது கூட்டல், @-1 என்பது ஒரு வரிசை மேலே. இரண்டு ஃபார்முலாவுக்கு நடுவே இரட்டை முக்காற்புள்ளி. முடிவில் உள்ள ;%.2எஃப், விடையை இரண்டு தசமத்தில் காட்டச் சொல்கிறது. கர்சரை ஃபார்முலா வரியில் வைத்து கன்ட்ரோல்-சி-யை இருமுறை அடித்தால் 1550, 800, 1650, மொத்தம் 4000 என்று நிரம்பும். தலைப்புக்குக் கீழே உள்ள கோட்டை மறந்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் மேலே இருப்பது தலைப்பு என்று ஆர்க்குக்குத் தெரியும். கோடே இல்லாத அட்டவணையில் நெடுவரிசை ஃபார்முலா தலைப்பின்மேலும் ஏறி எழுதிவிடும்.

இந்த ஒரு அட்டவணையிலேயே ஆர்க்கின் இரண்டு பெரிய பொறிகளும் இருக்கின்றன.

முதல் பொறி வகுத்தல். பங்குக்கு $4/@>$4*100 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதிப் பாருங்கள். எல்லாப் பொருளின் வரிசையிலும் 0.00 வரும். கால்க் நிரலில் பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை அதிகம். ஆகவே அது 1550-ஐ 4000*100-ஆல், அதாவது 4,00,000-ஆல் வகுக்கிறது. 0.003875 என்ற விடை இரண்டு தசமத்தில் 0.00 ஆகிவிடுகிறது. எக்செல்லில் பழகிய கை இதை எழுதாமல் இருக்காது. வகுத்தல் வருகிற இடத்திலெல்லாம் அடைப்புக்குறி போடுவது ஒன்றே வழி.

இரண்டாவது பொறி வரிசைமுறை. ஆர்க் முதலில் நெடுவரிசை ஃபார்முலாக்களை வரிசை வரிசையாகப் போடும், பிறகுதான் தனிச் செல் ஃபார்முலாக்களைத் தொடும். பங்கு நெடுவரிசைக்கு மொத்தம் வேண்டும். மொத்தமோ கடைசியில்தான் கணக்கிடப்படுகிறது. எண்ணெய் விலையை 165-லிருந்து 175 ஆக்கி ஒருமுறை மறுகணக்கிட்டால், எண்ணெயின் தொகை 1750, மொத்தம் 4100 என்று சரியாக மாறும். பங்கு மட்டும் பழைய 4000-ஐ வைத்து 43.75 என்று நிற்கும். சரியான எண் 42.68. மூன்று பங்குகளையும் கூட்டினால் 102.50 வரும், ஆனால் மொத்த வரிசையில் 100.00 என்று அழகாக எழுதியிருக்கும். கன்ட்ரோல்-யு-வை இருமுறை அடித்து, பிறகு கன்ட்ரோல்-சி, நட்சத்திரக் குறி என்று கொடுத்தால், விடை அசையாமல் நிற்கும்வரை ஆர்க் திரும்பத் திரும்பக் கணக்கிடும். பங்கு, சதவீதம், மீதி என்று மொத்தத்தைத் தொடுகிற நெடுவரிசை ஒன்று இருந்தாலே இந்த விசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி மௌனப் பிழை. நம் ஊர்ப் பழக்கத்தில் 1,25,000 என்று காற்புள்ளியோடு எழுதினால் கால்க் அதை ஒரே எண்ணாகப் படிக்காது. பெரும்பாலும் பிழை என்று காட்டிவிடும், அதுவரை நல்லது. ஆனால் எண் அல்லாத செல்களையும் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபார்முலாவின் முடிவில் அரைப்புள்ளியும் 'என்' கொடியும் போட்டிருப்பீர்கள். அப்போது ஈமேக்ஸ் எண்ணை இடப்பக்கமிருந்து படித்து, முதல் காற்புள்ளியில் நின்றுவிடும். 1,25,000 என்பது 1 ஆகும். ₹500 என்று எழுதியிருந்தால் முதல் எழுத்தே எண் இல்லை, ஆகவே 0. எந்த எச்சரிக்கையும் வராது. நாணயக் குறி தலைப்பில் மட்டும், எண்ணில் காற்புள்ளி வேண்டவே வேண்டாம்.

பெரிய தொகைக்கு இன்னொன்று. அட்டவணை அகலமாகிவிடக் கூடாது என்பதற்காக, தசமம் உள்ள விடையை ஆர்க் இயல்பாக 8 இலக்கத்துக்குச் சுருக்கியே காட்டும். கோடியைத் தாண்டிய தொகையில் பைசா காணாமல் போவது இதனால்தான். முடிவில் ;எஃப்2 என்று கால்க்கின் சொந்த வடிவத்தைக் கொடுத்தால் இரண்டு தசமமும் முழுதாக வரும். முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், தனக்காக மட்டும் எழுதுபவருக்கு ஆர்க்கை மிஞ்ச ஆளில்லை. 1:45, 2:30 என்று மணிக்கணக்கை எழுதி, ஃபார்முலா முடிவில் ;யு கொடுத்தால் மொத்தம் 04:15 என்று வரும்; ;டி என்ற சிறிய எழுத்துக்கு 4.25. மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்கு இது ஒன்றே போதும். ரிமோட் என்ற ஃபங்ஷன், கோப்பின் வேறோர் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துத் தரும். ஆனால் மூல அட்டவணையை அதுவாக மறுகணக்கிடாது. கீழிருந்து மேலாகச் சங்கிலி போட்டிருந்தால் 'ஆர்க்-டேபிள்-இட்டரேட்-பஃபர்-டேபிள்ஸ்' கட்டளைதான் கை கொடுக்கும். கன்ட்ரோல்-சி, வலது சுருள் அடைப்பு என்று அடித்தால் வரிசை, நெடுவரிசை எண்கள் திரையில் தோன்றும். இடது சுருள் அடைப்பை அடித்தால் ஃபார்முலா ஒவ்வொரு படியாக எப்படி விடைக்கு வருகிறது என்று காட்டும். மேலே சொன்ன வகுத்தல் பொறி அங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டுமான செலவு ஒன்று உண்டு. தமிழ் எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கிடையாது. 'ணெ' எடுக்கும் இடமும் 'ர' எடுக்கும் இடமும் வேறு. ஆகவே செங்குத்துக் கோடுகள் நேராக நிற்காது, கோணல்மாணலாக ஓடும். கணக்குக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்குத்தான் உறுத்தல். தமிழ் உரையைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளினால் பாதிச் சிக்கல் தீரும். வரைகலைத் திரையில் ஈமேக்ஸ் ஓட்டுபவர்கள் வி-அலைன் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் கோடுகள் பிக்சல் கணக்கில் நேராகிவிடும். நெடுவரிசைக்குப் பெயர் வைத்து ஃபார்முலாவில் பயன்படுத்தும் வசதியில் ஆங்கில எழுத்துப் பெயரே பாதுகாப்பு.

எப்போது இது: குறிப்பும் கணக்கும் ஒரே கோப்பில் வேண்டும், வரிசைகள் சில நூற்றுக்குள், திறப்பது நீங்கள் ஒருவரே, ஈமேக்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அட்டவணைக்காக மட்டும் ஈமேக்ஸ் கற்கப் போவது, கறிவேப்பிலைக்காகத் தோட்டம் வாங்குவது போல.

## மார்க்டவுன், விம் செருகுநிரல்கள்

அப்சிடியன் என்ற மார்க்டவுன் குறிப்புச் செயலியில் 'அட்வான்ஸ்டு டேபிள்ஸ்' என்ற சமூகச் செருகுநிரல் ஆர்க்கின் ஃபார்முலா எழுத்துமுறையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது: அதே டாலர், அதே @, அதே @>. ஃபார்முலா வரி மட்டும் எச்டிஎம்எல் குறிப்புரைக்குள், அட்டவணைக்கு அடியில் இருக்கும். இது நல்ல ஏற்பாடு. கோப்பை எங்கே திறந்தாலும் சாதாரண மார்க்டவுன் அட்டவணைதான், படிக்கும் பார்வையில் ஃபார்முலா மறைந்திருக்கும்.

இங்கே கூட்டலின் பெயர் சம், சராசரியின் பெயர் மீன். ஆர்க்கின் விசம் செல்லாது. பெருக்கல், கழித்தல் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்: $4=($2*$3). கட்டளைப் பலகையைத் திறந்து 'எவால்யுவேட் ஃபார்முலாஸ்' கொடுத்தால்தான் கணக்கு நடக்கும். படிக்கும் பார்வையில் ஃபார்முலா வரியே தெரியாததால், மொத்தம் பழையதாகக் கிடப்பதைக் கவனிக்கும் வாய்ப்பு ஆர்க்கைவிட இங்கே குறைவு. பின்னால் ஒரு கால்க் நிரலும் இல்லை என்பதால் கணக்கு சிக்கலாகும்போது விரைவில் முட்டிக்கொள்வீர்கள்.

விம்மில் 'டேபிள் மோட்' செருகுநிரல். லீடர் விசையோடு டிஎஃப்ஏ அடித்தால் ஃபார்முலா கேட்கும், டிஎஃப்இ அடித்தால் மறுகணக்கு. ஃபார்முலா, 'டிஎம்எஃப்' என்று தொடங்கும் குறிப்புரை வரியில் உட்காரும். கூட்டல், சராசரி போன்றவை உண்டு. விம்மிலேயே குடியிருப்பவருக்கு இது போதும். மற்றவர்கள் இதற்காக விம்முக்கு வர வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஆர்க் அட்டவணையின் கிடைக்கோட்டில் நெடுவரிசைகள் சந்திக்கும் இடத்தில் கூட்டல் குறி வரும், மார்க்டவுனில் செங்குத்துக் கோடு வரும். ஆர்க்கிலிருந்து நகலெடுத்து மார்க்டவுனில் ஒட்டினால் அட்டவணையாகத் தெரியாமல் வெறும் கோடுகளாகக் கிடப்பதற்கு அந்தக் கூட்டல் குறிதான் காரணம்.

எப்போது இது: கோப்பை மற்றவர்களும் மார்க்டவுனாகப் படிக்கிறார்கள், கணக்கு நீங்கள் மட்டுமே போடுகிறீர்கள், கூட்டல் பெருக்கலுக்கு மேல் தேவையில்லை.

## லிப்ரேஆபிஸ் கால்க்

மறுகணக்குக் கேள்விக்கு இங்கே பதில் எளிது: தானாக, உடனே. பழைய மொத்தம் என்ற கவலையே இல்லை. ஆயிரக்கணக்கான வரிசை, பிவட், வரைபடம், நம் ஊர் முறையில் லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி, எல்லாம் உண்டு. கணக்கர் கேட்டால் அப்படியே அனுப்பலாம்.

செலவு வேறு பக்கம். ஃபார்முலாக்கள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. ஆர்க்கில் ஒரு வரியில் படிக்கிற $4=$2*$3 இங்கே 200 செல்களில் 200 நகல். நடுவில் ஒரு செல்லில் யாரோ ஃபார்முலாவின் மேல் எண்ணை அடித்துவிட்டால் கண்ணில் படாது. கன்ட்ரோலோடு இடப்பக்க ஒற்றை மேற்கோள் விசையை அடித்தால் எல்லாச் செல்லும் ஃபார்முலாவாகத் தெரியும். மாதம் ஒருமுறையாவது அப்படிப் பாருங்கள்.

லிப்ரேஆபிஸ் கால்க்கின் இயல்பான ஓடிஎஸ் கோப்பு சுருக்கிய பொட்டலம் என்பதால் கிட்டில் எது மாறியது என்று படிக்க முடியாது. எஃப்ஓடிஎஸ் என்ற தட்டையான எக்ஸ்எம்எல் வடிவில் சேமித்தால் ஓரளவு படிக்கலாம், ஆனால் நீளமாக இருக்கும்.

மௌனப் பிழை இங்கேயும் உண்டு. உரையாகச் சேமிக்கப்பட்ட எண்ணை கூட்டல் ஃபங்ஷன் சத்தமில்லாமல் விட்டுவிடும். வங்கித் தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்கள் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: உரையாக இருக்க வேண்டியதை எண்ணாக்கிவிடும். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேலே உள்ள எண்ணின் வால் மாறிவிடும். சிஎஸ்வி-யைத் திறக்கும்போது வரும் இறக்குமதிப் பலகையில் அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிட்டால் தப்பிக்கலாம். எழுத்துக் கோப்பில் இருக்கும்வரை எந்த எண்ணையும் யாரும் கேட்காமல் மாற்றுவதில்லை என்பது ஆர்க் பக்கத்துக்கு ஒரு நல்ல வாதம்.

எப்போது இது: இன்னொருவரும் அதே அட்டவணையில் எண் போடுகிறார், வரிசைகள் சில நூற்றைத் தாண்டுகின்றன, அல்லது இந்த எண்ணை நம்பிப் பணம் கைமாறுகிறது.

## சிஎஸ்வி கோப்பும் ஆக் கட்டளையும்

பழைய யூனிக்ஸ் வழி. கோப்பில் மூலத் தரவு மட்டும் இருக்கும், மொத்தம் எழுதப்படுவதே இல்லை. வேண்டும்போது ஆக் கட்டளை நான்காம் நெடுவரிசையைக் கூட்டித் திரையில் காட்டும். மொத்தம் எங்கும் சேமிக்கப்படாததால் அது பழையதாகவும் ஆகாது. கிட்டில் ஒரு செல் மாறினால் ஒரு வரி மட்டும் மாறும். ஆர்க்கில் ஒரு செல் அகலமானால் நெடுவரிசை முழுதும் நகர்ந்து எல்லா வரியும் மாறியதாகத் தெரியும். கிட்டின் வேறுபாட்டுக் கட்டளைக்கு வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்ற தெரிவைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும், கிடைக்கோட்டின் நீளம் மாறியது மட்டும் அப்போதும் தெரியும்.

குறை: ஆக் எதையும் குறை சொல்லாது. '12ஓ' என்று பூஜ்யத்துக்குப் பதில் எழுத்தை அடித்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும், எண்ணே இல்லாத செல்லை 0 என்று எடுத்துக்கொள்ளும். 'காய்கறி, பழம்' என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி வந்தால் நெடுவரிசை ஒன்று தள்ளிப்போய், தொகைக்குப் பதில் விலையைக் கூட்டித் தரும். 2023-இல் வந்த குனு ஆக் 5.3-இல் சிஎஸ்வி-க்கென்றே தெரிவு இருக்கிறது. அது மேற்கோளை மதிக்கும். பழைய பதிப்பு இருந்தால் காற்புள்ளிக்குப் பதில் டேப் பிரிப்பானாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்துக்கொண்டே கணக்குப் போட விசிடேட்டா நல்ல துணை. முனையத்திலேயே விரிதாள் போலத் திறக்கும். சமக்குறியை அடித்து பைத்தான் கோவையைக் கொடுத்தால் புது நெடுவரிசை. நெடுவரிசையை எண் வகை என்று குறித்த பின் தப்பான செல்லில் பிழைக்குறி காட்டும் என்பதால் ஆக்கின் மௌனத்துக்கு இது மருந்து.

எப்போது இது: தரவு நாள்தோறும் அடியில் சேர்ந்துகொண்டே போகிறது, மொத்தம் எப்போதாவதுதான் வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஆர்க் | மார்க்டவுன் / விம் | லிப்ரேஆபிஸ் | சிஎஸ்வி + ஆக் |
|---|---|---|---|---|
| மறுகணக்கு | சொன்னால் | சொன்னால் | தானாக | ஓட்டும்போதெல்லாம் |
| மௌனப் பிழை | 'என்' கொடியோடு 1,25,000 → 1 | ஃபார்முலா மறைவு, பழைய மொத்தம் | உரை எண் கூட்டலில் விடுபடும் | எண் அல்லாதது 0 |
| ஃபார்முலா இடம் | அட்டவணைக்கு அடியில் | குறிப்புரைக்குள் | செல்லுக்குள் | தனிக் கட்டளை |
| கிட் வேறுபாடு | படிக்கலாம், சத்தம் அதிகம் | படிக்கலாம் | ஓடிஎஸ்-இல் முடியாது | மிகச் சுத்தம் |
| தாங்கும் அளவு | சில நூறு வரிசை | சில பத்து வரிசை | பல ஆயிரம் | லட்சக்கணக்கில் |
| பிறர் கையில் | வெறும் எழுத்தாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் | எவரும் திறக்கலாம் | திறக்கலாம், மொத்தம் இருக்காது |

## முடிவெடுக்கத் தடுமாறினால்

'நான் மறுகணக்கிட மறந்தால் யாருக்கு நஷ்டம்?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் ஆர்க் அல்லது அப்சிடியன், எது ஏற்கெனவே திறந்திருக்கிறதோ அது. வாடகை பிரிப்பு, சங்கக் கணக்கு, வாடிக்கையாளர் பில் என்று வேறொருவர் பணம் சம்பந்தப்பட்டிருந்தால் லிப்ரேஆபிஸ். இதில் ரசனைக்கு இடமில்லை.

இரண்டையும் கலந்து ஓட்டுவதும் நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது: எழுதும் காலம் முழுக்க ஆர்க்கில் வைத்து, அனுப்பும் நாளில் விரிதாளாக்குவது. கர்சரை அட்டவணைக்குள் வைத்து 'ஆர்க்-டேபிள்-எக்ஸ்போர்ட்' கொடுத்தால் கோப்புப் பெயர் கேட்கும், பிறகு வடிவம் கேட்கும். அங்கே சிஎஸ்வி வடிவத்தைத் தேருங்கள். அதற்கு முன் ஒருமுறை நிலைக்கும்வரை மறுகணக்கிட்டு விடுங்கள். வெளியே போவது எண்கள் மட்டும்தான், ஃபார்முலா கூடப் போகாது. பெறுகிறவர் ஒரு விலையை மாற்றிப் பார்க்க நினைத்தால் மொத்தம் அசையாது. அவர் மாற்றுவார் என்று தெரிந்தால், மொத்த வரிசையை விட்டுவிட்டுத் தரவை மட்டும் அனுப்பி, கூட்டலை லிப்ரேஆபிஸில் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்.